பழைய ஜன்னல் சட்டத்தில் ஒரு புஸ் மோத்

இந்த அத்தியாயத்தில் செதுக்கப்போவது மும்பை ஜூஹுவில் இறங்கிய ஒரு விமானத்தை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அகமதாபாத்தில் பெட்ரோல் நிரப்பி, பிற்பகலில் ஜூஹு தரையில் கொண்டுவந்து நிறுத்திய டி ஹாவிலண்ட் புஸ் மோத் அது. அப்போது அவருக்கு வயது 28. அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்து கொண்டுசேர்த்தார். பிற்பாடு ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் தபால் ஓட்டம் அதுதான்.

முதன்முதலாக மரத்தில் விமானம் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஜம்போ ஜெட்டைக் கேட்பார்கள். வீட்டுப் பிள்ளைகளும் அதையே கேட்கும். வேண்டாம். போயிங் 747-இன் மூக்கில் ஒரு நேர்கோடு கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளைகிற உருவம். பழகாத கையில் அது உருளைக்கிழங்காகத்தான் முடியும். புஸ் மோத்தின் உடம்போ பக்கவாட்டில் தட்டை. இறக்கை நேராக, கூரைமேல் உட்கார்ந்திருக்கிறது. வால் மெலிந்து பின்னே போகிறது. ரம்பத்தில் பாதி வேலை முடிந்துவிடும். கத்திக்கு மிச்சமிருப்பது விளிம்புகளும் மூக்கும்தான்.

அசல் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.20 மீட்டர், நீளம் 7.62 மீட்டர். 48-இல் ஒரு பங்காகச் செய்தால் இறக்கை 233 மில்லிமீட்டர், நீளம் 159 மில்லிமீட்டர். ஒரு ஜன்னல் சட்டத் துண்டில் அடங்குகிற அளவு. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் விமானங்களில் அதிகம் புழங்குவது 72-இல் ஒரு பங்கு. அந்த அளவை 1932-லேயே லண்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரத்தால் செய்த விமானத் தொகுப்புகள் பரப்பின. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அமெரிக்கக் கடற்படை எதிரி விமானத்தையும் சொந்த விமானத்தையும் அடையாளம் காணப் பயிற்சி தருவதற்காக, பள்ளிப் பிள்ளைகளிடம் இதே அளவில் ஐந்து லட்சம் மர விமானங்கள் செதுக்கித் தரச் சொன்னது. ஆனால் அந்த அளவில் புஸ் மோத்தின் வால் 2 மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்து, பழைய தேக்கில் ஒடிந்துபோகும். 48-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

மரம்

புது மரம் வாங்காதீர்கள். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. கடையில் இன்று வாங்கும் பலகை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் செதுக்கி முடித்த பிறகும் அது காயும், சுருங்கும், திருகும். எழுபது, எண்பது மழைக்காலம் ஒரு கட்டடத்தின் ஜன்னலில் நின்ற மரம் தன் ஆட்டத்தில் பெரும்பகுதியை ஆடி முடித்துவிட்டது. 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவினாலும் நேராக நிற்கும். பழைய மரத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது; அழகு இரண்டாவது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள 1930-களின் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. செம்பூரிலும் பழைய பங்களாக்கள் போய்க் கோபுரங்கள் எழுகின்றன. இப்படிப் பிரிக்கிற கட்டடங்களின் நிலைக்கால், ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் பெரும்பாலும் பர்மா தேக்கு. பர்மா தேக்கு இந்த ஊருக்கு வந்த கதை பெரிய கதை. 1863-இல் மும்பையில் தொடங்கிய பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அங்கே காடு காடாகத் தேக்கு வெட்டியது. 1885-இல் பர்மா அரசர் அந்தக் கம்பெனிக்குப் போட்ட அபராதமே பிரிட்டிஷாருக்குப் போர் தொடுக்கச் சாக்காகி, மாண்டலே அரியணை போயிற்று. கையில் கிடைத்த சட்டத்தை விறகு என்று நினைத்துவிடாதீர்கள்.

கட்டடம் பிரிக்கும் ஒப்பந்தக்காரர் நல்ல நீளமான துண்டுகளை மர வியாபாரிக்கு ஒதுக்கிவிடுவார். கீல் அடித்த இடம், கொக்கி பிடுங்கிய இடம், ஒரு முனை உளுத்த துண்டு என்று அவர் கழித்துப்போடுவதே நமக்குப் போதும். ஒரு முழ நீளத்துக்குமேல் நமக்கு எதற்கு? நேரில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அது முடியாவிட்டால் ரே ரோடு பக்கத்து மரக் கிடங்குகள், ஜோகேஷ்வரி மேற்கில் ஓஷிவாராவின் பழைய மரச்சாமான் கடைகள். தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கும் தகரமும் அட்டையும்தான் அதிகம் என்றாலும், சரக்கு வந்திறங்கும் பைன் மரப் பாலட்டுகளும் பெட்டிகளும் பங்கார் எனப்படும் பழைய சாமான் கடைகளில் உடைந்து கிடக்கும். இறக்கைக்குப் பைன் நல்லது. இலேசு, வெளிர் நிறம், நாரோட்டம் நேர். தேக்கு உடம்பும் பைன் இறக்கையுமாகச் செய்தால் பெயின்ட் இல்லாமலேயே இரண்டு நிறம் கிடைக்கும்.

பாலட் மரத்தை எடுக்குமுன் அதன்மேல் சூடு வைத்ததுபோல் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்து, ஒரு எண், அதன்பின் இரண்டு ஆங்கில எழுத்து. அந்தக் கடைசி இரண்டு எழுத்து ‘எச்.டி.’ (HT) என்றால் மரத்தைச் சூடேற்றிப் பூச்சி கொன்றிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடவேண்டாம். எண்ணெய்க் கறையோ ரசாயன நெடியோ உள்ள பலகை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் திருப்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அது எந்த டிரம்முக்கு அடியில் கிடந்ததென்று யாருக்கும் தெரியாது.

ஜன்னல் சட்டத்தில் வேறொரு ஆபத்து உண்டு. பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் பறந்து குழந்தைகளின் மூச்சிலும் சோற்றிலும் சேரும். பெயின்ட்டைத் தேய்க்கக் கூடாது. ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, உளியால் சீவலாக எடுக்க வேண்டும். சீவலைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். அடுப்பில் போட்டுவிடாதீர்கள். மூக்குக்கு முகமூடி கட்டாயம். பெயின்ட் போன பிறகும் கழற்றாதீர்கள், தேக்கின் தூள் பலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் தரும்.

பெயின்ட் போனதும் ஒரு காந்தத்தை எடுத்து நாலு பக்கமும் ஓட்டுங்கள். முறிந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். ஒரே ஆணி புது ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். ஆணியைச் சுற்றிக் கறுத்த கறை படிந்திருந்தால் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு அறுங்கள். கட்டையை ஒரு முறை தரையில் தட்டுங்கள். மாவுபோல் உதிர்ந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. வெறும் ஓட்டை மட்டும் இருந்து தூள் வராவிட்டால் பழைய கதை, பயமில்லை. முனையை அறுத்துப் பார்த்து, வைரம் பாய்ந்த பொன் பழுப்புப் பகுதியை உடம்புக்கு வைத்துக்கொண்டு வெளிறிய ஓரத்தைக் கழித்துவிடுங்கள்.

மழையும் பசையும்

மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கத்தி வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் பரண்மேல், காற்றோட்டமாகக் கிடக்கட்டும். வெளியே கிடந்த மரத்துக்கும் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் பழக்கம் வரவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்று தண்ணீரில் பாதி. அந்த மாதங்களில் அளந்து இறுக்கமாகப் பொருத்திய மூட்டு ஜனவரியில் இடைவெளி விடும். என் கட்சி இதுதான்: மழையில் வெட்டலாம், அறுக்கலாம், பொருத்துவதையும் பாலிஷையும் தசராவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். டாட்டாவின் விமானச் சேவையே மழைக்காலத்தில் ஜூஹு சேறாகிவிடுமென்று புனேக்கு ஜாகை மாறியது.

ஈரம் மர விமானத்தை என்ன செய்யும் என்பதை பிரிட்டிஷ் விமானப் படை இந்த நாட்டில்தான் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற மாஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானம் பால்சா மரத்தை நடுவே வைத்து பிர்ச் பிளைவுட்டால் மூடி ஒட்டியது. இங்கிலாந்தில் நன்றாக நின்றது. இந்தியாவுக்கும் பர்மாப் போர்முனைக்கும் வந்தபின், 1944-இல், சில விமானங்களின் இறக்கை நடுவானில் பிரிந்தது. அங்கிருந்த மாஸ்கிட்டோக்களையெல்லாம் தரையிறக்கிச் சோதிக்க வேண்டியதாயிற்று. பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தாங்கவில்லையோ என்ற சந்தேகம் எழுந்தது. பிறகு ஃபார்மால்டிஹைடு வகைப் பசைக்கு மாறினார்கள். நம் விமானம் அலமாரியில் நிற்பது. ஃபெவிகால் தாராளமாகப் போதும். தேக்கில் மட்டும் ஒரு தந்திரம். அதன் உடம்பில் எண்ணெய் ஊறியிருப்பதால் பசை வழுக்கும். ஒட்டுமிடத்தைப் புதிதாக ஒருமுறை சீவி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த உடனே பசை போட்டு அழுத்திவிடுங்கள். துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

கருவிகள்

அதிகம் வேண்டாம். முதுகில் பட்டை வைத்த சிறு ரம்பம், வளைவு அறுக்க ஒரு கம்பி ரம்பம், 6 மில்லிமீட்டர் உளி, 18 மில்லிமீட்டர் உளி, ஒரு சிறிய இழைப்புளி, ஒரு பக்கம் தட்டையும் ஒரு பக்கம் வளைவுமான அரம், மூலைமட்டம், ஒரு கத்தி. எல்லாம் மஸ்ஜித் பந்தர் அருகே நாக்தேவி தெருவில் கிடைக்கும். சோர் பஜாரில் பழைய இங்கிலீஷ் உளிகள் அகப்பட்டால் விடாதீர்கள். துருவைப் பார்க்காதீர்கள், முதுகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கத்தியைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். இரும்புப் பட்டறையில் பெரிய அறுவை இயந்திரத்தின் தேய்ந்த பிளேடை எறிவார்கள். அதில் ஒரு விரல் நீளத் துண்டைச் சாணை பிடித்து, துணி சுற்றினால் கடைக் கத்தியைவிட நன்றாக நிற்கும்.

சைக்கிளில் சாணைக்கல் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் உளியைக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். முனை நீலமாக மாறினால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் தேய்ந்து தீரும்வரை உளி கூர் நிற்காது. அவ்வப்போது தண்ணீரில் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்குப்பின் வீட்டில் எண்ணெய்க்கல்லில் தீட்டுவது உங்கள் பொறுப்பு. தேக்கில் மணல்போன்ற சிலிக்கா இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தீட்டவேண்டி வரும். மொட்டைக் கத்தியைத்தான் அழுத்தவேண்டி வரும், அழுத்துகிற கத்திதான் விரலில் ஏறும்.

பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே இருக்கிறது, மேஜைக்கு எங்கே போவது என்பவர்களுக்கு: ஒரு சாண் அகலப் பலகை எடுத்து, அதன் ஒரு முனையில் மேலாகவும் மறு முனையில் கீழாகவும் ஒரு ரீப்பர் அடித்துக்கொள்ளுங்கள். கீழ் ரீப்பர் வாசற்படியிலோ ஸ்டூல் விளிம்பிலோ மாட்டிக்கொள்ளும். மேல் ரீப்பரில் மரத்தை முட்டக் கொடுத்து அறுக்கலாம், இழைக்கலாம். வேலை முடிந்ததும் பலகை கட்டிலுக்கு அடியில் போய்விடும். சால் குடியிருப்பின் வராந்தாவில் அறுப்பதென்றால் பகல் நேரத்தில், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

கோடு

இந்த வேலையில் முக்கால்பங்கு கோடு போடுவது. கத்தியில் கைத்திறன் குறைவாக இருந்தாலும் கோடு சரியாக இருந்தால் விமானம் விமானமாக வரும். கோடு தப்பினால் பரம்பரை ஆசாரியாலும் சரிசெய்ய முடியாது.

புஸ் மோத்தின் மேல்தோற்றம், பக்கத்தோற்றம், முன்தோற்றம் மூன்றும் உள்ள வரைபடம் ஒன்றைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இறக்கை 140 மில்லிமீட்டர் இருந்தால், 233-ஐ 140-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 166 வரும். ஜெராக்ஸ் கடையில் 166 சதவீதம் பெரிதாக்கித் தரச் சொல்லுங்கள். வாங்கியதும் கடை வாசலிலேயே ஸ்கேல் வைத்து அளந்துபாருங்கள். இறக்கை 233, நீளம் 159 இரண்டும் வரவேண்டும். ஒன்று வந்து மற்றது வராவிட்டால் படம் ஒருபக்கமாக இழுபட்டிருக்கிறது. அதை வைத்துச் செதுக்கிப் பயனில்லை. மூன்று நகல் எடுங்கள். ஒன்று வெட்ட, ஒன்று ஒட்ட, ஒன்று சுவரில் மாட்ட.

வீட்டில் சேர்ந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கு இங்கே வேலை வருகிறது. அந்தக் கனத்த அட்டையில் உடம்பின் பக்கவாட்டு உருவம், மேல் உருவம், இறக்கை, வால் எல்லாவற்றையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் குறுக்கு வெட்டுக்கும், மூக்கு, கேபின், கேபினுக்குப் பின்புறம், வால் அருகே என்று நாலு இடத்தில், பாதிப் பாதியாக அட்டை வேண்டும். பிறகு செதுக்கும்போது அந்த அட்டையை மரத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே வெளிச்சம் தெரிகிறது, எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

உடம்பு

தேக்கில் 170 நீளம், 40 உயரம், 30 அகலமுள்ள கட்டையை அறுத்து, எல்லா முகத்தையும் மூலைமட்டத்துக்குச் சரியாக இழையுங்கள். உங்கள் வரைபடத்தில் உடம்பு இதைவிடப் பருமனாக இருந்தால் படத்தின்படி போங்கள். எந்தப் பக்கத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் இருக்கட்டும். நாரோட்டம் மூக்கிலிருந்து வாலுக்கு ஓட வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது நார் சாய்ந்து மேலேறினால், அந்த ஏற்றம் வாலை நோக்கிப் போகிற மாதிரி கட்டையைத் திருப்பிக்கொள்ளுங்கள். முதுகைச் சீவும்போது கத்தி எதிர் நாரில் மாட்டிப் பிளக்காது.

மேலே, கீழே, முன்னே, பின்னே கட்டையைச் சுற்றி நட்டநடுவில் ஒரு கோடு. பென்சில் வேண்டாம், கத்தி நுனியால் கீறுங்கள். இந்த நடுக்கோடு கடைசி உப்புத்தாள் வரை உயிரோடு இருக்க வேண்டும். அழிந்தால் உடனே திரும்பப் போடுங்கள்.

முதலில் பக்கவாட்டு உருவத்தை ஒட்டி, கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டுக் கம்பி ரம்பத்தால் அறுங்கள். விழுந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றை அதே இடத்தில் வைத்து டேப் சுற்றினால் மறுபடி கட்டை சதுரமாகிவிடும். அதன்மேல் மேல் உருவத்தை வரைந்து அறுங்கள். டேப்பைப் பிரித்ததும் கையில் சதுர மூலைகளோடு ஒரு புஸ் மோத் வந்துவிடும். பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு மூலையை உருட்ட ஆரம்பிக்கிறார்கள். அதற்குமுன் இரண்டு வேலை இருக்கிறது: இறக்கை உட்காரும் இடத்தையும் வாலின் மட்டப் பகுதி உட்காரும் இடத்தையும் சதுரமாக இருக்கும்போதே உளியால் எடுத்துவிடுங்கள். உருட்டிய பிறகு மட்டம் பார்க்க முகமே இருக்காது. இறக்கையும் வாலும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கிற பொம்மைகளெல்லாம் இங்கே தப்பியவைதான்.

மூக்கில் கவனிக்க ஒன்று உண்டு. புஸ் மோத்தில் இருப்பது தலைகீழாக மாட்டிய நான்கு சிலிண்டர் ஜிப்ஸி எஞ்சின். சிலிண்டர்கள் கீழே தொங்க, சுழல்தண்டு மேலே இருக்கிறது. ஓட்டுபவருக்கு முன்பக்கம் நன்றாகத் தெரியட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எனவே புரொப்பெல்லர் மூக்கின் நடுவில் இல்லை, மேல்பக்கமாக இருக்கிறது. மூக்கின் கீழ்ப்பகுதி தாடைபோல் தொங்கும். நடுவில் துளை போட்டுவிட்டால் அது வேறு ஏதோ ஒரு விமானம். துளையையும் சதுரமாக இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

இனி மூலை. முதலில் நாலு மூலையையும் சாய்வாகச் சீவி எண்கோணமாக்குங்கள். ஒரு பக்கத்தில் பத்து சீவல் எடுத்தால் மறு பக்கத்திலும் பத்து. அட்டையை வைத்துப் பாருங்கள். பிறகு எட்டு மூலையை லேசாகத் தட்டி உருட்டினால் போதும். பக்கங்கள் தட்டையாகவே இருக்கட்டும். வால் பக்கம் போகப் போகத் தேக்கு சொன்னபடி கேட்காது. எதிர் நார் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அரத்தை எடுங்கள். கண்ணாடி ஜன்னல்களைக் குடைந்து எடுக்க ஆசைப்படாதீர்கள். கத்தி நுனியால் வி வடிவத்தில் மெல்லிய கோடு கீறி விடுங்கள். பாலிஷ் போடும்போது அது தானே கறுத்து ஜன்னல் சட்டமாகத் தெரியும்.

இறக்கை

அசல் விமானத்தில் இறக்கைகள் பின்பக்கமாக மடிக்கக்கூடியவை, கொட்டகையில் இடம் மிச்சப்படுத்த. ஆகவே அவை இரண்டு தனி இறக்கைகள். நாமும் இரண்டாகவே செய்வோம். பைனில் ஒரே பட்டையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 115 நீளம், 42 அகலம், 8 கனம். இறக்கையின் அகலம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் வரும். நார் நீளவாக்கில் ஓட வேண்டும்.

அடிப்பக்கத்தைத் தட்டையாக விட்டுவிடுங்கள். மேல்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நீளவாக்கில் ஒரு பென்சில் கோடு. இறக்கையின் உச்சி அது. கடைசிவரை அந்தக் கோட்டைத் தொடக்கூடாது. அதன் பின்னால் இழைப்புளியால் பின்விளிம்பை நோக்கிச் சரிவாக இழையுங்கள், ஒரு மில்லிமீட்டர் கனம் மிஞ்சும்வரை. முன்னால் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி உருட்டுங்கள். இடது இறக்கையில் ஒரு அடி வேலை செய்தால் உடனே வலதில் அதே அடி. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதை எடுத்தால் இரண்டும் அண்ணன் தம்பி ஆகாது.

உடம்பில் இறக்கையைப் பிடிக்க, பழைய சைக்கிள் ஸ்போக் ஒரு துண்டு போதும். இரண்டு பக்கமும் எட்டும்படி கேபின் கூரை வழியாக நேராகத் துளையிட்டு, ஸ்போக்கைச் செருகி, அதில் இறக்கைகளை மாட்டுங்கள். முன்தோற்றப் படத்தில் முனைகள் கொஞ்சம் மேலே தூக்கியிருப்பது தெரியும். அந்த அளவுக்கு ஸ்போக்கை நடுவில் லேசாக வளைத்துவிட்டால் தனியாகக் கணக்குப் போடவேண்டியதில்லை.

இறக்கையைத் தாங்கும் வி வடிவக் கால்களுக்கு மூங்கில். பழைய கூடையிலிருந்து சிம்பு எடுத்து, முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் மெலிந்தும் வரும்படி தேயுங்கள். இந்தத் தாங்கிகளில் அலட்சியம் வேண்டாம். 1930 முதல் சில வருஷங்களில் பல புஸ் மோத்கள் இறக்கை பிரிந்து விழுந்தன. முன் தாங்கியின் நடுவிலிருந்து இறக்கையின் பின்வேருக்கு ஒரு சின்னக் குச்சி கூடுதலாகக் கொடுத்த பிறகுதான் அந்தக் கோளாறு நின்றது. உங்கள் வரைபடத்தில் அந்தக் குச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் போடுங்கள். சக்கரக் கால்களை மூடியிருக்கும் தகட்டை அகலமாகச் செய்யுங்கள். அசலில் அந்தத் தகட்டைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பினால் இறங்கும்போது வேகம் குறையும். பிரேக்காகவே அதைப் பயன்படுத்தினார்கள்.

வால் பலகைகளைத் தேக்கில் சீவ வேண்டாம். தேயிலைப் பெட்டியின் மெல்லிய பிளைவுட்டில் வெட்டி, ஓரத்தை உருட்டி ஒட்டிவிடலாம். புரொப்பெல்லருக்கு மூங்கில், நடுவில் துளையிட்ட பிறகே இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சாய்த்துச் சீவுங்கள்.

பாலிஷ்

120, 220, 400 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், எப்போதும் நார் ஓடும் திசையில் தேயுங்கள். 220-க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார் எழும்பும். காய்ந்தபின் 400-ஆல் அதை வெட்டிவிடலாம். பெயின்ட் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயின்ட் அடிப்பதென்றால் புது மரத்திலேயே செய்திருக்கலாமே. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சு பாலிஷ் மெல்லியதாக மூன்று நாலு கை போதும். ஈரக் காற்றில் போட்டால் அது வெள்ளையாகப் பூத்துவிடும். வறண்ட நாள் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் வைக்காதீர்கள். அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். குடிசைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில் இதை மறக்கவே கூடாது.

அடுத்து என்ன

புஸ் மோத் கைக்கு வந்தபின் அதன் தம்பியான லெப்பர்ட் மோத்தைச் செய்யலாம். புஸ் மோத்தின் உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்தியது. லெப்பர்ட் மோத்தின் உடம்போ பிளைவுட் பெட்டி. 1962-லும் பிறகு 1982-இல் 78 வயதிலும் ஜே.ஆர்.டி. அந்த முதல் ஓட்டத்தைத் திரும்பப் பறந்து காட்டியது லெப்பர்ட் மோத்தில்தான். 48-இல் அதன் இறக்கை 238, நீளம் 156 மில்லிமீட்டர். நீங்கள் போட்ட அட்டைகளில் பாதி அதற்கும் ஒரு தொடக்கமாக உதவும்.

அதற்கும் பிறகு ஜெட்டில் கை வைக்க ஆசையிருந்தால் எச்.ஏ.எல். நிறுவனத்துக்காக ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் உருவாக்கிய மாருத் போர் விமானத்தை எடுங்கள். ஜெட்டை 1961-இல் பறக்கவிடுமுன் 1959-இல் அதே அளவில் முழுக்க மரத்தாலேயே ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துச் சென்று பெங்களூரில் சோதித்தார்கள். மரத்தில் செய்வதற்கு அதைவிடத் தகுதியான ஜெட் நம் நாட்டில் வேறில்லை. 72-இல் ஒரு பங்கு போதும். நீளம் 220, இறக்கை 125 மில்லிமீட்டர். ஆனால் அதன் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. நாரோட்டம் அந்தச் சாய்வையே தொடர்ந்து ஓடவேண்டும் என்பதால் ஒரே துண்டில் இரண்டு இறக்கையும் வராது. இரண்டு புஸ் மோத் செய்து முடித்தவர்கள் மட்டும் அதைத் தொடங்குங்கள்.